தடுப்பூசி மறுத்ததால் போன நர்ஸ் வேலை: சட்டம் வாபஸான பிறகு என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், பல வருடம் நர்ஸாக இருந்தவர். கோவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ளாததால் 2021 நவம்பரில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். கேர் ஹோம் ஊழியர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிய அந்தச் சட்டத்தை அடுத்த மார்ச்சிலேயே அரசு வாபஸ் வாங்கிவிட்டது. "சட்டமே போன பிறகு அக்காவை நீக்கியதும் செல்லாதுதானே, நஷ்ட ஈடு கேட்கலாமா?" என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள். அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.-இன் மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பிக்க உட்காருகிறார், முந்தைய வேலையை விட்ட காரணம் கேட்கும் கட்டம் வந்ததும் படிவத்தை மூடிவிடுகிறார் என்று. எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. பணம் வருமா என்பது ஒரு கேள்வி, அவர் பெயர் கெட்டுவிட்டதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. இரண்டாவதற்கு நல்ல பதில் இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே நீண்ட காலமாக யூனியன் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். விசாரணைக் கூட்டங்களில் ஊழியருக்குத் துணையாக உட்காருவது அந்தப் பொறுப்பில் ஒரு பகுதி. எனக்கு முறை வந்ததும் தடுப்பூசி போட்டுக்கொண்டேன், தயங்கிய பலரிடம் போட்டுக்கொள்ளச் சொல்லி மன்றாடியும் இருக்கிறேன். அதே ஆட்களுக்குத் துணையாக 2021 இலையுதிர் காலத்தில் கூட்டங்களிலும் உட்கார்ந்தேன். அக்காவின் நீக்கக் கடிதத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது அந்தக் காகிதங்களைப் பொறுத்தது என்று பிரித்தே சொல்கிறேன்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. 2020 மார்ச்சுக்கும் ஜூன் நடுப்பகுதிக்கும் இடையில் மட்டும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேர் ஹோம்களில் வசித்தவர்கள் 19,000-க்கும் அதிகமானோர் கோவிடால் இறந்தார்கள். தடுப்பூசி வந்த பிறகு, ஓர் இல்லத்தில் குறைந்தது 80 சதவீத ஊழியர்களும் 90 சதவீத முதியவர்களும் முதல் டோஸாவது போட்டிருக்க வேண்டும் என்று அரசின் அறிவியல் ஆலோசகர்கள் கணக்குச் சொன்னார்கள். பல இல்லங்களில், குறிப்பாக லண்டனில், ஊழியர் பக்கம் அந்த எண்ணை எட்டவில்லை. 2021 ஜூலையில் விதி நிறைவேறியது, 16 வார அவகாசத்துக்குப் பிறகு நவம்பர் 11 முதல் அமலானது. கேர் ஹோமுக்குள் வேலையாக வருகிற நர்ஸ், சமையல்காரர், முடி வெட்டுபவர் எல்லோரும் இரண்டு டோஸ் போட்டிருக்க வேண்டும். பார்க்க வரும் பிள்ளைகளுக்கு இது கிடையாது. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் அதே நர்ஸ் வேலை பார்ப்பவருக்கும் அன்றைக்குக் கிடையாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் இப்படி ஒரு சட்டமே போடவில்லை. மருத்துவமனைகளுக்கு 2022 ஏப்ரல் 1 என்று நாள் குறித்தார்கள். அப்படிச் செய்தால் என்.எச்.எஸ்.-ஐ விட்டு சுமார் 73,000 பேர் போக நேரிடும் என்று அரசின் சொந்த மதிப்பீடே சொன்னது. ஜனவரி 31 அன்று சுகாதார அமைச்சர் சஜித் ஜாவித் கைவிடப்போவதாக அறிவித்தார். மார்ச் 15 அன்று கேர் ஹோம் விதி உட்பட எல்லாம் ரத்தாயின.

இப்போது உறுதியான விஷயத்துக்கு வருகிறேன். விதி ரத்தானது முன்தேதியிட்டு அல்ல. நவம்பர் 11-க்கும் மார்ச் 15-க்கும் இடையில் அது நடப்பில் இருந்த சட்டம். அப்போது அதன்படி நடந்த நீக்கம், பிறகு விதி போனதால் மட்டும் சட்டவிரோதம் ஆகாது. சட்டம் தப்பு என்று அரசு ஒப்புக்கொண்டதாக வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் சரியில்லை. டெல்டா போய் ஒமிக்ரான் வந்துவிட்டது, அது கடுமை குறைந்தது, இரண்டு டோஸ் தரும் பாதுகாப்பும் குறைந்துவிட்டது, அதனால் ஆபத்தின் அளவுக்கு இந்தக் கட்டாயம் இனி அதிகம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். 1996-ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டத்தின் 98-ஆவது பிரிவு, நீக்கத்துக்கு ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்றாக இதையே சொல்கிறது: அந்த ஊழியரை அதே வேலையில் தொடர வைத்தால் ஒரு சட்டக் கடமை மீறப்படும் என்றால் நீக்கலாம். கேர் ஹோம் முதலாளிக்கு அந்தப் பிரிவு நேராகப் பொருந்தியது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் 1984-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், அதன்கீழ் போடும் விதிகள் யாரையும் மருத்துவ சிகிச்சைக்கு உட்படக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. தடுப்பூசியும் அதில் சேரும் என்றும் எழுதியிருக்கிறது. அதனால் அரசு அந்தச் சட்டத்தின் பக்கமே போகவில்லை. கேர் ஹோம்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விதியைப் போட்டது. "நர்ஸே, ஊசி போட்டுக்கொள்" என்று விதி எங்கும் சொல்லவில்லை. "இல்லத்தை நடத்துபவரே, ஊசி போடாதவரை உள்ளே விடாதே" என்றுதான் சொன்னது. இரண்டு கேர் ஹோம் ஊழியர்கள் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 நவம்பர் தொடக்கத்தில் வழக்கை நடத்தவே அனுமதி மறுக்கப்பட்டது. எனக்கு இந்தச் சட்ட வழி நியாயமாகப் படவில்லை. முடிவெடுத்தது அரசு, ஆளை வெளியே அனுப்பும் வேலை இல்லத்து மேனேஜருடையது. ஆனால் என் மனக்குறை நீதிமன்றத்தில் செல்லாது.

விதி வருவதற்கு முன்பே நடந்த ஒரு நீக்கமும், வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் செல்லும் என்று நின்றிருக்கிறது. பார்ன்ஸ்லியில் ஒரு நர்சிங் ஹோமில், மறதி நோய் உள்ள முதியவர்களைப் பார்த்துக்கொண்ட பராமரிப்பு உதவியாளர் 2021 தொடக்கத்தில் தடுப்பூசியை மறுத்து நீக்கப்பட்டார். அந்த இல்லத்தில் அப்போதுதான் கோவிட் பரவி முதியவர்கள் இறந்திருந்தார்கள், காப்பீட்டு நிறுவனமும் நெருக்கியது. தனிமனித வாழ்வில் இது தலையீடுதான், ஆனால் அந்தச் சூழலில் நியாயமான தலையீடு என்று 2022 ஜனவரியில் தீர்ப்பாயம் சொன்னது. இந்தத் தீர்ப்பு மற்றத் தீர்ப்பாயங்களைக் கட்டுப்படுத்தாது. அந்த இல்லம், அந்த மாதம், அந்த ஊழியர் சொன்ன காரணம் ஆகியவற்றை வைத்து எழுதப்பட்டது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது தெரியும்.

சரி, அப்படியானால் முதலாளிகள் எதிலும் தவறவில்லையா? நிறையத் தவறினார்கள். காரணம் சட்டபூர்வமாக இருப்பது ஒன்று, நீக்கிய முறை நியாயமாக இருப்பது இன்னொன்று. நான் துணைக்குப் போன ஒரு கூட்டம் இல்லத்தின் உணவறையில் நடந்தது, வேறு அறை காலியில்லை. மேனேஜர் தலைமை அலுவலகம் அனுப்பிய தாளிலிருந்து கேள்விகளை வரிசையாக வாசித்தார். "உங்களுக்கு மருத்துவ விலக்கு உண்டா?" என்பது நான்காவது கேள்வி. எதிரே இருந்த பெண், முதல் டோஸுக்குப் பிறகு நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் சேர்ந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மேனேஜர் தாளில் "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போனார். துணைக்கு வந்தவர் கூட்டத்தில் பேசலாம், ஊழியரைக் கேட்ட கேள்விக்கு அவர் சார்பில் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் நான் இடைவேளை கேட்டேன், அந்தப் பதிலைக் குறிப்பில் எழுத வைத்தேன். எழுத வைத்ததால்தான் விலக்கு விண்ணப்பம் முடியும்வரை அவர் நீக்கம் தள்ளிப்போனது.

உங்கள் அக்கா விஷயத்தில் பார்க்க வேண்டியது இது மாதிரி இடங்களைத்தான். தடுப்பூசியின் பாகங்களுக்குக் கடும் ஒவ்வாமை, முந்தைய டோஸால் வந்த இதயத் தசை அழற்சி, அஸ்ட்ராஜெனகாவுக்குப் பிறகு வந்த அரிய ரத்த உறைவு போன்றவற்றுக்கு விலக்கு இருந்தது. கர்ப்பிணிகளுக்குக் குறுகிய கால விலக்கு இருந்தது. 2021 டிசம்பர் 24 வரை ஊழியர் தாமே கையெழுத்துப் போட்டுத் தற்காலிக விலக்கு பெறவும் வழி இருந்தது. ஏற்கெனவே கோவிட் வந்து குணமானது மட்டும் விலக்குக்குப் போதாது. இவற்றை அவரிடம் எடுத்துச் சொன்னார்களா? வெளியிலிருந்து செய்யக்கூடிய வேறு வேலை உண்டா என்று தேடினார்களா? மேல்முறையீட்டுக்கு வாய்ப்புத் தந்தார்களா? இல்லை என்றால் அன்றைக்கு நல்ல வழக்கு இருந்திருக்கலாம்.

அன்றைக்கு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நியாயமற்ற நீக்கம் என்று அன்று வழக்குப் போட இரண்டு வருடப் பணிக்காலம் வேண்டும், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதம் நிறைவதற்கு ஒரு நாள் முன்பாகத் தொடங்கிவிட வேண்டும். அதற்கும் முதலில் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் போக வேண்டும், அந்த நாட்கள் மட்டும் கணக்கில் சேராது. நவம்பர் 11 அன்று வேலை போனவருக்கு அந்தக் கெடு பிப்ரவரி 10. அரசு விதியைக் கைவிடப்போவதாகச் சொன்னது ஜனவரி 31, ரத்தானது மார்ச் 15. அதாவது சட்டமே போகப்போகிறது என்று தெரிந்தபோது அவர்களிடம் பத்து நாள்தான் மிச்சம். எத்தனையோ பேர் செய்தி தெரிந்து வரும்போது கெடு தாண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் உரிய காலத்தில் போடவே முடியாத நிலை இருந்தது என்று காட்ட வேண்டும். சட்டம் பிறகு மாறியது என்பது அதற்குப் போதாது. இத்தனை வருடம் கழித்து அந்தக் கதவு திறக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க என்னால் முடியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு முடியும் என்று யாராவது சொன்னால் இரண்டாவது ஆளிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஒரு சின்னக் கதவு மட்டும் திறந்திருக்கலாம். அது நோட்டீஸ் சம்பளம், அதாவது நீக்குவதற்கு முன் தர வேண்டிய முன்னறிவிப்புக் காலத்துக்கான சம்பளம். தடுப்பூசி போடாததற்காக இந்த விதியின்கீழ் நீக்கியவர்களுக்கு நோட்டீஸ் காலமும், எடுக்காத விடுமுறைக்கான பணமும் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் பணி என்றால், ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒரு வாரம், அதிகபட்சம் 12 வாரம் என்பது சட்டம் வைத்த குறைந்த அளவு. ஒப்பந்தத்தில் கூடுதலாகவும் இருக்கலாம். சில முதலாளிகள் இதைக் 'கிராஸ் மிஸ்கண்டக்ட்' (கடுமையான ஒழுங்கீனம்) என்று எழுதி, அன்றே கணக்கு முடித்து அனுப்பினார்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகாமல், சிவில் வழக்குகளைப் பார்க்கும் கவுன்ட்டி கோர்ட்டில் போடலாம், அதற்கு ஆறு வருடம் கெடு. 2021 நவம்பரில் போன வேலைக்கு 2027 நவம்பர் வரை. ஆனால் இது பெரிய நஷ்ட ஈடு இல்லை, தர வேண்டியிருந்து தராமல் போன வாரங்களின் சம்பளம். ஆட்குறைப்புத் தொகையும் கேட்க முடியாது, ஏனென்றால் அந்த வேலை அங்கேதான் இருந்தது, அவர் மட்டும்தான் வெளியேறினார்.

மத நம்பிக்கையைக் காரணம் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாகுபாடு வழக்குக்கு இரண்டு வருடப் பணி தேவையில்லை, தாமதத்தை மன்னிப்பதிலும் கொஞ்சம் தாராளம் உண்டு. ஆனால் மனதார ஊன்றிய நம்பிக்கைக்கும், கிடைத்த தகவலை வைத்து எடுத்த கருத்துக்கும் இங்கே நீதிமன்றங்கள் வித்தியாசம் பார்க்கின்றன. பக்க விளைவு பயம், அவசரமாகத் தயாரித்த மருந்து என்ற சந்தேகம் எல்லாம் இரண்டாவது வகையில் விழும். அக்கா அன்றைக்குச் சொன்ன காரணம் பயம் என்றால், இப்போது அதை மதம் என்று மாற்றிச் சொல்ல வேண்டாம். கூட்டக் குறிப்பில் அன்று சொன்னது எழுதியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய அமெரிக்க, இந்தியச் செய்திகள் இரண்டும் உண்மைதான், ஆனால் அக்காவுக்கு உதவாது. அமெரிக்காவில் 2022-இல் சிகாகோ பகுதியின் நார்த்ஷோர் மருத்துவமனைக் குழுமம் 10.3 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது, மத அடிப்படையில் விலக்குக் கேட்டவர்களை மறுத்ததற்காக, அந்த நாட்டின் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சமரசமாக. அதே நாட்டில் ஹூஸ்டன் மெதடிஸ்ட் மருத்துவமனை ஊழியர்கள் போட்ட வழக்கு 2021 ஜூனில் தள்ளுபடியானது, அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று, யாரையும் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது, உடல்மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு மத்திய அரசின் தடுப்பூசிக் கொள்கையைச் சரி என்றும் சொன்னது, பொது நலனுக்காகச் சில கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொன்னது. இங்கிலாந்துத் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது.

என் கருத்தைக் கேட்டால் சொல்கிறேன். தடுப்பூசி நல்லது. கடும் நோயையும் சாவையும் அது குறைத்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவருக்குப் பரவுவதை எவ்வளவு தடுத்தது என்பதில் படம் அவ்வளவு தெளிவு இல்லை. முதல் பெரிய சோதனைகள் முக்கியமாக அளந்தது போட்டவருக்கு அறிகுறியுள்ள நோய் வருகிறதா என்பதை. டெல்டா காலத்தில் பரவலையும் ஓரளவு குறைத்தது, சில மாதங்களில் அந்தப் பலன் தேய்ந்தது, ஒமிக்ரானிடம் இன்னும் குறைந்தது. விதி அமலாகி இரண்டு வாரத்தில் ஒமிக்ரான் செய்தி வந்துவிட்டது. அப்போதே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். அக்காவின் பயத்தையும் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 2021 ஏப்ரலில் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மே மாதம் 40-க்கு உட்பட்டவர்களுக்கும் அஸ்ட்ராஜெனகாவுக்குப் பதில் வேறு ஊசி கொடுக்கச் சொன்னார்கள். அந்த ஆபத்து மிக அரிது, ஆனால் நிஜம். பயந்தவரோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசிய இல்லங்களில் பலர் போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கடிதம் மட்டும் அனுப்பிய இடங்களில் நல்ல நர்ஸுகளை இழந்தார்கள், அந்த இரவு ஷிப்டுகளுக்கு ஆள் இல்லாமல் தவித்தது படுக்கையில் இருந்த முதியவர்கள்.

இனி பெயர் விஷயம். தடுப்பூசி போடவில்லை என்பதை மட்டும் வைத்து நர்ஸ்மீது நடவடிக்கை எடுக்கிற வழக்கம், நர்ஸுகளைப் பதிவு செய்யும் மன்றமான என்.எம்.சி.-க்கு இல்லை. கோவிட் பற்றிப் பொய்களைப் பொதுவெளியில் பரப்பிய ஒரு நர்ஸின் பெயரை 2021-இல் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள், அது வேறு விஷயம். பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அக்கா தன் பெயரைத் தட்டிப் பார்க்கட்டும், தடையோ நிபந்தனையோ இருந்தால் அதிலேயே தெரியும். குற்றப் பின்னணி பார்க்கும் டி.பி.எஸ். சான்றிதழிலும் இந்த நீக்கம் வராது. நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்ட வேண்டும். 2021-க்குப் பிறகு அவர் நர்ஸ் வேலையே பார்க்கவில்லை என்றால் பதிவு காலாவதி ஆகியிருக்கலாம். அப்படியானால் மறுபடி பணிக்குத் திரும்பும் படிப்போ திறன் தேர்வோ வேண்டியிருக்கும். இதை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

படிவத்தின் அந்தக் கட்டத்தில் உண்மையை அப்படியே எழுதலாம்: கேர் ஹோம் ஊழியர்களுக்கான 2021-ஆம் ஆண்டுத் தடுப்பூசி விதியின் காரணமாகப் பணி முடிந்தது, அந்த விதி 2022 மார்ச்சில் ரத்தானது. அவ்வளவு போதும். விளக்கம், மன்னிப்பு, வாதம் எதுவும் வேண்டாம். சொந்தக் காரணம் என்று மழுப்பினால்தான் பிறகு பழைய முதலாளியின் கடிதத்தோடு முரண்பட்டு வேலைக்கு ஆபத்து. இன்று என்.எச்.எஸ்.-இல் சேரக் கோவிட் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம் இல்லை. ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை, காசநோய் பற்றிப் பணியாளர் சுகாதாரப் பிரிவு கேட்கும், பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தால் எடுத்து வைக்கட்டும். அறுவை அரங்கு போன்ற இடங்களில் ஹெபடைடிஸ் பி பற்றிக் கறாராக இருப்பார்கள், அது கோவிடுக்கு ரொம்ப முன்பிருந்தே உள்ள நடைமுறை.

முதல் வேலையாக நீக்கக் கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கடிதத்தில் மிஸ்கண்டக்ட் என்ற வார்த்தை இருந்தாலோ, சம்பளச் சீட்டில் நோட்டீஸ் பணம் இல்லாவிட்டாலோ, இரண்டையும் எடுத்துக்கொண்டு இலவச ஆலோசனை தரும் பக்கத்து சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்கோ யூனியன் கிளைக்கோ 2027 நவம்பருக்கு முன் போக வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் வழக்கை விட்டுவிட்டு அந்தப் படிவத்தை நிரப்பட்டும்.